வேனுக்குப் பூ போட்டுப் பார்த்த கதை

வேனை விற்க மாட்டேன். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உறுவையாறு பலராமன் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். என் பெண்டாட்டி செல்வகுமாரி என்ன, அவளைப் பெற்ற மாமனாரே வந்து காலில் விழுந்தாலும் வேன் என்னுடையதுதான்.

அது சாதாரண வேன் இல்லை. ஊர் சுற்றவே பிறந்த வேன். பாண்டிச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சுக்காரர் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது என் தலையில் கட்டிவிட்டுப் போனது. உள்ளே கட்டில் உண்டு. கேஸ் அடுப்பு உண்டு. கை கழுவத் தொட்டி உண்டு. கூரையில் ஒரு கண்ணாடி. அதன் கீழே மல்லாந்து படுத்து நட்சத்திரம் பார்த்துக்கொண்டே கன்னியாகுமரி வரைக்கும் போகவேண்டும் என்பது என் லட்சியம். அப்போது வண்டியை யார் ஓட்டுவார்கள் என்று கேட்காதீர்கள். செல்வகுமாரி ஏற்கெனவே கேட்டுவிட்டாள்.

இதுவரை அது போன தூரம் பாகூர் ஏரிக்கரை. திரும்பி வந்தது டிராக்டரில் கட்டி. அன்றைக்கு நின்ற எஞ்சின் இன்னும் எழுந்திருக்கவில்லை. ஆனால் ஹாரன்? அடித்தால் வில்லியனூர் தேர்முட்டியில் திரும்பிப் பார்ப்பார்கள்.

செல்வகுமாரி பூக்காரி. எங்கள் கொல்லையில் மல்லி போட்டிருக்கிறாள், வேலியோரம் செவ்வரளி. தினம் பூ மூட்டையை என் ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு பெரிய மார்க்கெட்டுக்குப் போவாள்.

"யோவ், இந்தத் தகர டப்பாவத் தள்ளிவுட்டுட்டு ஒரு குட்டியானை வாங்கலாம்யா. ஸ்கூட்டர்ல கட்டிக்கினு போறதுக்குள்ள பாதிப் பூ கசங்கிப் போவுது."

குட்டியானை என்றால் காட்டு மிருகம் இல்லை. சின்ன லோடு வண்டி. அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"முடியாது. வேன ஆல்ட்ரேஷன் பண்ணப் போறேன்."

"இன்னா ஆல்ட்ரேஷன்?"

"மேல சோலார். பின்னாடி பாத்ரூம்."

"வூட்டு பாத்ரூம் தாப்பா தொங்கிக்கினு இருக்குது. மொதல்ல அத ஆல்ட்ரேஷன் பண்ணு. எஞ்சின்?"

"அதுவும் மாத்துவேன்."

"எஞ்சின மாத்தி, கூரைய மாத்தி, துருப்புடிச்ச தரைய மாத்தி... அப்புறம் பழசுல இன்னாய்யா மிச்சம்?"

"ஹாரன்!" என்றேன் ரோஷத்தோடு.

பக்கத்து வீட்டு ரோஸ்லின் மதில் மேல் தலையை நீட்டினாள். "ஹாரனுக்கா அண்ணே இத்தினி செலவு?"

எனக்கு மானம் போயிற்று. உடனே உண்ணாவிரதம் அறிவித்தேன். சாயங்காலம் மசால் வடை வாசனை வந்தது. வடை சாப்பாட்டில் சேராது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நாலாவது வடையில் செல்வகுமாரி பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"நீயும் புடிவாதம் புடிக்காத. நானும் புடிக்கல. அங்காளம்மன்கிட்ட பூ போட்டுப் பாத்துடலாம். வெள்ள வந்தா உன் வேன். செவப்பு வந்தா குட்டியானை."

எங்கள் பக்கத்தில் கல்யாணம், கிணறு, கோர்ட்டுக் கேஸ் எல்லாவற்றுக்கும் இதுதான். ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. மடித்துக் குலுக்கிச் சாமி முன்னால் வைக்க வேண்டும். யாராவது ஒன்றை எடுக்க வேண்டும். வந்த பூ வந்ததுதான், அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

என் மூளை சும்மா இருக்குமா? "பொட்டலம் நான் மடிக்கிறேன். சாமி காரியம்" என்றேன்.

செவ்வரளியைத் தொடாமல் ரெண்டிலும் மல்லியே வைத்து மடித்தேன். அம்மனை ஏமாற்றலாமா என்று கேட்பீர்கள். யார் ஏமாற்றினார்கள்? அவளுக்கு யோசிக்கிற வேலையைக் குறைத்தேன், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் நல்ல கூட்டம். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன்.

"நம்ம ஆளு எடுத்தா ஒரு பக்கம் சாயும். ரோஸ்லின் மாதா கோயிலுக்குப் போறவ. அவ எடுக்கட்டும்" என்று பெருந்தன்மையாகச் சொன்னேன்.

"நான் எடுத்தா அம்மன் கோச்சிக்காதா?" என்றாள் ரோஸ்லின்.

"எல்லாரும் அவ புள்ளைங்கதாம்மா. செருப்ப மட்டும் வெளிய வுட்டுட்டு வா" என்றார் பூசாரி செல்லக்கண்ணு.

செல்வகுமாரி பொட்டலங்களை வாங்கினாள். ஒவ்வொன்றாக முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணில் ஒற்றிக்கொண்டு தட்டில் வைத்தாள். அடடா, என்ன பக்தி என்று நினைத்தேன்.

"மாமா" என்றாள்.

வீட்டில் எனக்குப் பேர் யோவ். ஏதாவது ஆகப்போகிறது என்றால் மட்டும்தான் மாமா.

"சாமி முன்னால சத்தமா சொல்லிடறேன் மாமா. தாயே, வெள்ள வந்தா குட்டியானை. செவப்பு வந்தா வேன்."

"ஏய்! மாத்திச் சொல்றே! வெள்ளதான் வேன்!"

"அப்பிடியா சொன்னேன்? வாய் தவறிடுச்சே. போவட்டும் வுடு மாமா. ஒண்ணுல வெள்ள, ஒண்ணுல செவப்பு. எப்பிடிச் சொன்னா இன்னா?"

"சாமி காதுல வுழுந்தது வுழுந்ததுதாம்பா. உனக்கு இன்னா நஷ்டம்?" என்றார் செல்லக்கண்ணு.

என்ன நஷ்டமா? அதை அங்கே எப்படிச் சொல்ல?

ரோஸ்லின் ஒன்றை எடுத்துப் பிரித்தாள். குபீரென்று மல்லி. பெண்கள் எல்லாரும் குலவையிட்டார்கள். அவள் கை அடுத்த பொட்டலத்துக்கும் போயிற்று.

"இதையும் பிரிச்சிப் பாத்துடலாமா?"

பிரித்தால் என் கதை கந்தல். பாய்ந்து பிடுங்கினேன். எங்கே ஒளிப்பது? வாயில் போட்டு இலையோடு விழுங்கினேன்.

"பிரசாதம்" என்றேன், கண்ணில் தண்ணீர் வர.

"அய்யோ! அண்ணன் அரளிய முழுங்கிட்டாரு!" என்று ரோஸ்லின் அலறினாள்.

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. அவர்கள் கணக்கில் உள்ளே இருந்தது அரளி. அரளி விஷம். கோயிலே கவிழ்ந்தது. ஒருவன் என் காலைப் பிடித்தான், ஒருவன் தலையைப் பிடித்தான். செல்லக்கண்ணு ஒரு சொம்பு உப்புத் தண்ணீரை வாயில் சரித்தார். யாரோ தொண்டைக்குள் விரலை விடப் பார்த்தார்கள். "பலராமன் வேன எடுங்கடா, ஆஸ்பத்திரிக்கு!" என்று ஒருத்தர் கத்தினார். "அது இன்னிக்கிக் கெளம்பாது, ஆட்டோவக் கூப்புடு!" என்றார் இன்னொருத்தர். சாகப்போகிறவன் காதில் விழுகிற பேச்சா அது?

செல்வகுமாரி மட்டும் தூணில் சாய்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தாள்.

ரெண்டாவது சொம்பு வந்தது. தாங்க முடியவில்லை.

"வுடுங்கடா! அது அரளி இல்ல! மல்லி! ரெண்டுமே மல்லிதான்!"

அத்தனை கண்ணும் என் மேல்.

"தெரியும்" என்றாள் செல்வகுமாரி, பூ கட்டுகிற நாரைப் பல்லால் கடித்துக்கொண்டே. "அரளிக்கு ஏது இந்த வாசன? பூக்காரி காதுலயே பூ சுத்தறியா மாமா? ரெண்டும் வெள்ள. அம்மன் ரெண்டு தடவ குட்டியானைன்னு சொல்லிட்டா."

குட்டியானை வந்துவிட்டது. எலுமிச்சம்பழத்தை நான்தான் சக்கரத்தடியில் வைத்தேன்.

ஆனால் நான் தோற்றுவிட்டதாக நினைக்காதீர்கள். வேனை விற்க மாட்டேன் என்றேன், விற்கவில்லை. அதே டிராக்டரில் கட்டி இழுத்துக் கொண்டுபோய் மல்லிக்கொல்லை நடுவில் நிறுத்தியிருக்கிறோம். தினமும் அதில்தான் படுக்கிறேன். கூரைக் கண்ணாடியில் நட்சத்திரம் தெரிகிறது. யாருடைய அதிகாரமும் இல்லை, நான் வைத்ததுதான் சட்டம்.

கொல்லையில் மாடு நுழைந்தால் மட்டும் எழுந்து ஹாரன் அடிக்கவேண்டும் என்று செல்வகுமாரி சொல்லியிருக்கிறாள்.