பழைய ஆயில் காப்பாற்றிய சனிக்கிழமைகள்

புரட்டாசிக் கடைசிச் சனிக்கிழமை. இன்று வீட்டைவிட்டு நகர்வதில்லை என்று பால்பாண்டி முடிவெடுத்துவிட்டார். ராஜபாளையத்து மில்லில் வாரம் முழுக்க மெஷினோடு மல்லுக்கட்டுகிற போர்மன். வார லீவில் கட்டிலில் கிடக்கவாவது கொடுத்துவைத்திருக்க வேண்டாமா? மனைவி முனீஸ்வரிக்கோ இன்றைக்காவது ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துத் திருவண்ணாமலைக் கோயிலுக்குப் போய்ப் பெருமாளைப் பார்த்தாக வேண்டும்.

"கெளம்புங்க. கார்ல போனா செத்த நேரம்."

"கார் எங்கிட்டுப் போக? ஆயில் மாத்தி வருசம் தாண்டிருச்சு. எடுத்தா இன்ஜின் பிடிச்சுக்கிடும்."

"போன மூணு வாரமும் இதத்தான சொன்னீங்க?"

வாஸ்தவம். மாற்றிவிட்டால் சாக்குப் போய்விடுமே என்றுதான் மனுஷன் மாற்றாமலே வைத்திருந்தார்.

"ஆயில்னா லேசுல்ல. காரோட குடுத்த புத்தகத்துல எந்த கிரேடு போட்டிருக்கோ அதத்தான் ஊத்தணும். நம்ம வண்டிக்கு 5W-30. பத்தாயிரம் கிலோமீட்டர், இல்லாட்டி ஒரு வருசம், எது முந்துதோ அப்ப மாத்தணும். கடைக்காரன் குடுக்கிறத வாங்கியார இது என்ன கடலெண்ணெயா?"

"எம்புட்டு வெவரம்! எனக்கும் அந்த ஆயிலக் காட்டுங்களேன்."

பால்பாண்டிக்குக் குஷி பிறந்துவிட்டது. பானெட்டைத் திறந்தார். ஆயில் அளக்கிற கம்பியை உருவித் துடைத்தார். மறுபடி விட்டு எடுத்தார்.

"கன்னங்கரேல்னு வரும் பாரு!"

தேன் நிறத்தில் பளபளவென்று வந்தது. மில்லில் செய்கிற மாதிரியே ரெண்டு விரலில் தேய்த்தார், மோந்தும் பார்த்தார். புத்தம் புது ஆயில். கம்பியும் கையுமாக மனைவி பக்கம் திரும்பினார்.

"ஏட்டி... யாரு மாத்துனது?"

முனீஸ்வரி மெக்கானிக் எழுதிக்கொடுத்த அட்டையை நீட்டினாள். முந்தாநாள் தேதி. "நீங்க சொன்ன அதே கிரேடுதான். புத்தகத்துலயும் பாத்துக்கிட்டேன்."

"மெக்கானிக் வந்து வண்டிய எடுத்துட்டுப் போனானா?"

"அவரு எதுக்கு? நாந்தான் ஓட்டிட்டுப் போனேன். நீங்க மில்லுக்குப் போற நேரத்துல டிரைவிங் ஸ்கூல் போயி லைசென்ஸும் வாங்கிட்டேன். நேத்து கிருஷ்ணன்கோவில் வரைக்கும் போயிட்டு வந்தேனே!"

பால்பாண்டி சட்டென்று இடுப்பைப் பிடித்துக்கொண்டார். "எனக்கு இடுப்பு பிடிச்சுக்கிடுச்சு. இன்னைக்கு வண்டி ஓட்ட ஏலாது."

"ஒங்கள யாரு ஓட்டச் சொன்னா?" சாவியோடு ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள் முனீஸ்வரி. "முன் சீட்டுல துளசி மாலை இருக்கு. நீங்க பின்னால ஏறுங்க."