க் குறைந்த காவியம்

தம் இசைத்தொகுப்பின் ஒரு சொல்லைக்கூட மனைவியின் காதில் விழவிடுவதில்லை என்று மணிமாறன் உறுதி பூண்டார்.

காரணம் உண்டு. திருமணமான புதிதில், மொட்டைமாடியில் நின்று, "நிலவை போல வந்தாய்" என்று தாமே கட்டிய பாட்டை மனைவிக்குப் பாடிக் காட்டினார். புவனேஸ்வரி பள்ளித் தமிழாசிரியை. கண்களை மூடி முழுவதும் கேட்டார். பிறகு சொன்னார்:

"நிலவைப் போல. ப் விட்டுட்டீங்க."

அந்த ஒற்றெழுத்து அன்றுமுதல் மணிமாறனின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது.

மணிமாறன் திண்டுக்கல் வெங்காய மண்டியில் ஏலம் கூறுபவர். அவர் குரலெடுத்தால், சாணார்பட்டியிலிருந்து மூட்டை கொண்டுவந்த விவசாயி விலையே ஏறிவிட்டதாக நம்பிவிடுவார். அந்தக் குரலுக்கு ஏற்ற இசை ஹெவி மெட்டல் ஒன்றே என்பது அவருடைய முடிவு. அதிலும் பழைய முறை: தேர் நகர்வதுபோல் மெல்ல இடிக்கும் டிரம்ஸ், இரண்டு கிதார்கள் சேர்ந்து புலம்பும் புலம்பல், வாள், கல்லறை, இருள். எட்டுப் பாட்டுகளில் ஒரு காவியமே எழுதினார். கருங்குன்றத்து மன்னனின் வேல் போரில் பறிபோகிறது. மன்னனும் மாண்டுபோகிறான். ஆயினும் உறங்காமல், கல்லறையைப் பிளந்து எழுந்து, அந்த வேலைத் திரும்பக் கேட்கிறான்.

கிதார் வாசித்தவன் பிராங்க்ளின். பள்ளியில் புவனேஸ்வரியிடம் தமிழ் படித்தவன். பாட்டுகளைத் தட்டச்சு செய்து தந்தவனும் அவனே. அந்தத் தாள்களைப் பார்த்தபோது, தம் தமிழ் இவ்வளவு சுத்தமா என்று மணிமாறனே வியந்துபோனார்.

பேகம்பூரில் காலியாகக் கிடந்த தோல் கிடங்கில் ஒத்திகை நடந்தது. வீட்டில் சொன்ன பெயர், மலைக்கோட்டை வரை நடைப்பயிற்சி.

"நடந்ததுக்கா தொண்டை கட்டிருச்சு?" என்று புவனேஸ்வரி கேட்டார்.

"பனி, புவனா."

"சித்திரை மாசத்துலயா?"

"மலைப் பனி."

"சட்டையில தோல் வாடை அடிக்குதே?"

"புதுச் செருப்பு."

"செருப்பைச் சட்டைக்குள்ளயா போட்டு நடந்தீங்க? சரி, சாப்பிடுங்க."

அந்தச் 'சரி'யை அப்போதே ஐயுற்றிருக்க வேண்டும். ஐயுறாததற்காகப் பின்னாளில் மிகவும் வருந்தினார்.

தொகுப்பு இணையத்தில் வெளியானது. மறுநாள், மண்டி முதலாளி அப்துல் ஹக்கீம் தம் கைப்பேசியை மணிமாறனின் முகத்துக்கு நேரே நீட்டினார். அதற்குள்ளிருந்து மணிமாறன் அலறிக்கொண்டிருந்தார்.

"வேலை கொடு! மாண்டும் கேட்கிறேன், வேலை கொடு!"

"ஏம்ப்பா மணி, நான் ஒனக்கு என்ன கொறை வச்சேன்? செத்த பெறகும் வேற வேலை தேடுற அளவுக்கா என் கடை இருக்கு?"

"பாய், அது வேல் பாய். ஆயுதம்."

"வேலைன்னுதானப்பா கத்துற?"

"வேல்... அதோட ஐ..."

"ஐயாவாவது மொய்யாவாவது! ஊரு பூரா கேட்டுட்டு என்னையத் துக்கம் விசாரிக்கிறாய்ங்க."

மூட்டை தூக்கும் சடையாண்டி தம் பங்குக்கு வந்து நின்றார். "அண்ணே, லாரிக்கு ஒரு ஆள் கொறையுது. வேலை வேணும்னா வாரீங்களா?"

இறந்தும் மானம் காக்க எழுந்த மன்னன், வேலைவாய்ப்பு அலுவலக வாசலில் வந்து நின்றுவிட்டான். மணிமாறனுக்கு வேறு வழி தெரியவில்லை. வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, அந்தப் பாட்டை ஒலிக்கவிட்டார். புவனேஸ்வரி, அன்றுபோலவே, கண்களை மூடிக் கேட்டார்.

"க் விட்டுட்டீங்க. வேலைக் கொடுன்னாத்தான் ஆயுதம். வேலை கொடுன்னா உத்தியோகம்."

"இப்ப என்ன செய்ய?"

"திரும்பப் பாடுங்க. நான் பக்கத்துல ஒக்காந்து சொல்லித் தாரேன். ஆனா, சாயங்காலம் எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தவே நேரம் பத்தல. இனிமே சோத்துக்கு வெஞ்சனம் ஆக்குறது ஒங்க பொறுப்பு."

"தெனமுமா?"

"அப்ப மன்னன் தெனமும் உத்தியோகம் கேக்கட்டுமா?"

மணிமாறன் தலையசைத்தார்.

தோல் கிடங்கின் இருட்டில், நாற்காலியில் நிமிர்ந்து அமர்ந்து, க் வரவேண்டிய இடந்தோறும் புவனேஸ்வரி விரலை உயர்த்தினார். மன்னன் ஒருவழியாகத் தன் ஆயுதத்தைக் கேட்டான். பிராங்க்ளினுக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை.

"இப்பத்தான் டீச்சர் எட்டுப் பாட்டும் சுத்தம்! அன்னைக்கே இதையும் நீங்க திருத்தி..."

நாக்கைக் கடித்துக்கொண்டான். கடித்து என்ன பயன்?

வீடு திரும்பும் வழியில், வண்டியை ஓட்டியபடியே மணிமாறன் கேட்டார்.

"மத்த ஏழையும் நீதான் திருத்துனியா?"

"ஏழையை யாரு திருத்த முடியும்? ஏழு பாட்டத்தான் திருத்துனேன்."

"அப்ப இந்தத் தப்பு ஒன் கண்ணுல படலையா?"

"பட்டுச்சு."

"பெறகு?"

"வெஞ்சனத்துக்கு ஆள் வேணும்ல?"

சிறிது தூரம் சென்றபின், பின்னாலிருந்து குரல் தணிந்து வந்தது.

"அந்தக் கல்லறைக் கதவு தொறக்குற பாட்டு... பிராங்க்ளின் வாசிச்சுக் காட்டுனப்ப அழுதுட்டேங்க. நீங்களே பாடிக் காட்டியிருக்கலாம்ல?"

மணிமாறன் வண்டியின் வேகத்தைக் குறைத்தார். யாருக்காக முதன்முதலில் பாட்டுக் கட்டினாரோ, அவர் கண் கலங்கியபோது எதிரே இருந்தவன் பிராங்க்ளின். ஓர் ஒற்றெழுத்துக்கு அஞ்சி இத்தனை ஆண்டுகளாகப் பாடாமல் விட்டதை எண்ணினார். அந்த இழப்பை எந்தப் புணர்ச்சி விதியாலும் ஈடுசெய்ய இயலாது.

வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, மெல்லக் கேட்டார்.

"இப்பப் பாடட்டுமா, புவனா?"

"பாடுங்க."

புவனேஸ்வரி உள்ளே சென்று, கூடை நிறையச் சின்ன வெங்காயத்தைக் கொண்டுவந்து, வாசற்படியில் அமர்ந்திருந்த அவர் மடியில் வைத்தார்.

"உரிச்சுக்கிட்டே பாடுங்க. வேலை கொடுத்திருக்கேன். இதுக்கு க் வராது."