சிங்கப்பூருக்குப் போன முறைத்தண்ணீர்

பூதலூர்,
தை 10.

அன்பு மருமகள் பூவிழிக்கு, உன் தாய்மாமன் இராஜாங்கம், ஓய்வுபெற்ற தபால்காரர், இந்நாள் வாய்க்கால் பாசனதாரர் சங்கத்தின் செயலாளர், ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அத்தை அம்சவல்லியும் வயலில் நிற்கும் சம்பாவும் சௌக்கியம். பெங்களூரில் நீயும் உன் கம்ப்யூட்டரும் அதேபோல் காய்ச்சல், தலைவலி இல்லாமல் இருக்க வேண்டும்.

சம்பாவும் சௌக்கியம் என்று நான் எழுத முடிவதே உன் புண்ணியத்தில்தான். அதற்கு நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். நடந்ததை முதலிலிருந்து சொன்னால்தான் நன்றி எவ்வளவு என்று உனக்குத் தெரியும், ஆகையால் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்.

போன மாதம் நீ வந்திருந்தபோது சங்கத்து ஆட்களையெல்லாம் ஒரு டைரக்டரியில் ஏற்றலாம், எந்த மடைக்குத் தண்ணீர் முறை வருகிறதோ அந்த மடைக்காரர்கள் யார் யார் என்று அதனிடம் கேட்டு அவர்கள் போனுக்கு மட்டும் சேதி அனுப்பலாம் என்று பைத்தானில் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்தாய் அல்லவா? அந்த டைரக்டரிக்குப் பெயர் எல்டாப் என்று நீ ஆரம்பித்ததும் எனக்குத் தலை சுற்றியது உண்மை. ஆனால் அதில் ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு முழு விலாசம் உண்டு, முதலில் பெயர், அப்புறம் மடை, அப்புறம் வாய்க்கால், அப்புறம் சங்கம், கடைசியில் இந்தியா என்று நீ காட்டியபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இதைத்தானே முப்பத்துநான்கு வருடம் சைக்கிளில் வைத்து மிதித்தேன்! “மாமா, நீங்க புரிஞ்சிக்கிற வேகத்துக்கு எங்க ஆபீஸ்லயே வேலை குடுப்பாங்க” என்று நீ வேறு சொல்லிவிட்டுப் போனாய். எனக்குத் தலைக்கனம் ஏறியது அன்றைக்குத்தான்.

பெயர்களை ஏற்றும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன். உரியவரைத் தவிர வேறு ஒருவர் கையில் கடிதத்தைக் கொடுத்த பழக்கம் எனக்கு இல்லை. ஆகவே பட்டாவில் யார் பெயர் இருக்கிறதோ அந்தப் பெயரையே போட்டேன். ஷார்ஜாவில் இருப்பவர், கனடாவில் இருப்பவர், ஒருவரையும் விடவில்லை. குஞ்சிதபாதம் ஐயா காலமாகிப் பதினாறு வருடம் ஆகிறது, பட்டா இன்னும் அவர் பெயரில்தான் கிடக்கிறது, அவரையும் அவருடைய பழைய போன் நம்பரோடு சேர்த்துவிட்டேன். உன் அத்தை இருபத்தொரு வருடமாகக் குத்தகைக்குப் பயிரிடும் கடைமடை ஒன்றரை ஏக்கருக்கு நேராக, சிங்கப்பூரில் மகனோடு இருக்கும் மங்களாம்பிகை அம்மாளின் பெயரைத் தட்டினேன். பட்டா அவர்களுடையதுதானே. எல்லாம் முடித்துவிட்டு வாய்க்காலில் தண்ணீர் திறந்துவிடும் லஸ்கர் சேரனைக் கூப்பிட்டு, “இனிமே நீ வீடு வீடா வந்து தண்ணி வருதுன்னு சொல்ல வேணாம்ப்பா, கம்ப்யூட்டர் சொல்லிரும்” என்று பெருமையாகச் சொல்லிவிட்டு, திருப்பனந்தாளில் ஒரு கல்யாணத்துக்குப் பஸ் ஏறினேன்.

திரும்பி வந்தபோது உன் அத்தை வாசலிலேயே நின்றாள். கடைமடை முறை வந்து போயே போய்விட்டது. புரோகிராம் தன் வேலையை ஒரு குறையும் இல்லாமல் செய்திருக்கிறது. “நாளை காலை உங்கள் மடைக்குத் தண்ணீர், மண்வெட்டியுடன் வரவும்” என்று சிங்கப்பூருக்குச் சேதி போய், அங்கிருந்து மங்களாம்பிகை அம்மாள் ஏதோ கோயில் விசேஷம் என்று நினைத்து மூன்று கும்பிடு அனுப்பியிருக்கிறார். “ஏங்க, அந்தம்மா ஏரோப்ளேன் புடிச்சு வந்து மடை வெட்டுவாங்களா? வயலுக்குப் பக்கத்துலயே குத்துக்கல்லாட்டம் நான் ஒருத்தி உக்காந்திருக்கேனே, என் பேரு ஒங்க பொட்டியில இல்லியா?” என்று கேட்டாள். வயலுக்கு ஓடினேன். போய்ப் பார்த்தால் கதிர் பால் பிடிக்கிற பயிர் வாடி நிற்கிறது, நிலம் விரல் நுழைகிற அளவுக்கு வெடித்திருக்கிறது. அடுத்த முறைக்கு ஆறு நாள். அதையும் தவறவிட்டால் அறுப்பதற்குப் பதர்தான் இருக்கும்.

அன்றைக்கு உனக்குப் போன் போட்டு நான் கத்தியதை மறந்துவிடு. நீ கோபமே படவில்லை. “மாமா, நெலம் யாருதுன்னுதான் நாம கேட்டோம், அது சரியா பதில் சொல்லிடுச்சு. வயல்ல யாரு நிக்கிறாங்கன்னு நாம கேக்கவே இல்லையே” என்றாய். உடனே ஒவ்வொருவர் பக்கத்திலும் ‘பயிரிடுபவர்’ என்று ஒரு இடம் உண்டாக்கி, இனிமேல் பட்டாக்காரரோடு அவருக்கும் சேர்த்துச் சேதி போகும்படி மாற்றினாய். நானும் உட்கார்ந்து முப்பது பெயர் தட்டினேன். முப்பதுக்கும் அனுமதி இல்லை என்று வந்தது. முதல் தடவை நீயே பாஸ்வேர்டு போட்டுத் திறந்துவைத்துவிட்டுப் போயிருந்தாய், அது எனக்குத் தெரியாது. பெயர் சொல்லாமல் உள்ளே போனால் பார்க்கலாம், எழுதக் கூடாது, எழுத வேண்டுமென்றால் இன்னார் என்று சொல்லி பாஸ்வேர்டு கொடுத்துப் போக வேண்டும் என்று அப்புறம் நீதான் விளக்கினாய். நியாயம்தானே! நானும் கையெழுத்து வாங்காமல் ரிஜிஸ்டர் தபால் கொடுத்ததில்லை.

முறையாக உள்ளே போய் முதலில் எழுதிய பெயர் அம்சவல்லி. கூப்பிட்டுக் காட்டினேன். ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, “என் பேரா? நெசமாவா? வேற எங்கயும் இப்படி எழுதியிருக்கா?” என்று கேட்டாள். சிட்டா, அடங்கல் எதிலும் அவள் பெயர் கிடையாது. அவளுடைய அம்மா அதே வயலில் கூலிக்கு நடவு நட்டவள், அவள் பெயரும் எதிலும் கிடையாது. “இதுல இருக்கு” என்றேன். துடைத்த விரலால் அந்த ஒரு வரியைத் திரையில் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். பூவிழி, நீ நூறு வருடம் நன்றாக இருக்க வேண்டும்.

இந்த விஷயத்தை மங்களாம்பிகை அம்மாளிடம் மட்டும் மூச்சு விடாதே. குத்தகைக்காரர் பெயரை எங்கே எழுதினாலும் நிலம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. அந்த அம்மாள் நல்ல மாதிரிதான், ஆனால் கொஞ்சம் சந்தேகக் குணம் என்று அவருடைய அக்கா அந்தக் காலத்தில் எழுதிய கார்டுகளிலிருந்து எனக்குத் தெரியும். கார்டு திறந்தே இருப்பதால் தானாகக் கண்ணில் படும். மற்றபடி நான் பிறர் கடிதத்தைப் படிக்கிறவன் இல்லை.

இப்போது ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். தொடாதே என்று நீ சொன்ன வரியைத் தொட்டுவிட்டேன். அடுத்த முறைக்கு முதல் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது, இந்தத் தடவையும் யாராவது விட்டுப்போனால் உன் அத்தை என்னை வீட்டில் சேர்க்க மாட்டாள். எங்கே தேட வேண்டும் என்ற வரியில் நீ ‘கடைமடை’ என்று வைத்திருந்தாய். ஒருவரும் விட்டுப்போகக் கூடாது என்று அதை ‘சங்கம் முழுவதும்’ ஆக்கினேன். மேலமடை, நடுமடை, கடைமடை என்று இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் மண்வெட்டியோடு வரச் சொல்லிச் சேதி போய்விட்டது. காலை ஆறு மணிக்கு வாய்க்கால் தலைப்பில் நூற்றைம்பது பேர் மண்வெட்டியோடு நிற்கிறார்கள்! அவர்களைத் தூரத்தில் பார்த்த நம் சங்கத் தலைவர் துரைராசு, தன்னைத்தான் வெட்ட வருகிறார்கள் என்று மதகின் ஷட்டர் மேடையின் ஏணியில் ஏறிக்கொண்டு, “எதாயிருந்தாலும் பேசித் தீத்துக்கலாம், மம்பட்டியைக் கீழ போடுங்க” என்று கும்பிட்டார். பதினோரு வருடமாக ஒரு கூட்டத்துக்கும் கோரத்துக்கு வேண்டிய தலை சேராத சங்கம் அம்மா இது!

வந்தவர்கள் என்னைத் திட்டித் தீர்த்தபிறகுதான் வாய்க்காலைத் திரும்பிப் பார்த்தார்கள். நடுமடைக்குக் கீழே ஆகாயத்தாமரையும் காட்டாமணக்கும் மண்டி, தண்ணீர் நகர வழியே இல்லை. சேதி சரியான ஆளுக்குப் போயிருந்தாலும் கடைமடைக்கு ஒரு சொட்டு வந்திருக்காது. யார் முதலில் இறங்கினார்கள் என்று தெரியவில்லை. உன் அத்தை என்று சேரன் சொல்கிறான், அவள் இல்லை என்கிறாள். அத்தனை பேரும் இறங்கிவிட்டார்கள். பதினோரு மணிக்குள் வாய்க்கால் சுத்தம். சாயங்காலம் அந்த ஒன்றரை ஏக்கரில் தண்ணீர் நின்றது. உன் அத்தை வரப்பில் உட்கார்ந்து கதிரைத் தடவிக்கொண்டு அழுதாள், நானும்தான். பயிர் பிழைத்தது அம்மா. நீ எழுதிய புரோகிராமும் அதில் நான் செய்த தப்பும் சேர்ந்து பிழைக்க வைத்தன. தப்புக்கும் சேர்த்து உனக்கே நன்றி.

அந்த வரியைப் பழையபடி மாற்றிவிட்டதாகத்தான் நினைவு. சங்க ஆலோசகர் என்று உன் பெயரும் டைரக்டரியில் இருப்பதால், இந்தக் கடிதத்தையே கம்ப்யூட்டரில் தட்டி உன் புரோகிராம் வழியாக உனக்கு அனுப்புகிறேன். என் தங்கையை, உன் அம்மாவை, விசாரித்ததாகச் சொல். அறுவடைக்கு வந்து புது அரிசியில் ஒரு கை பார்த்துவிட்டுப் போ. வாய்க்காலில் தண்ணீர் இருக்கும் வரைக்கும் எங்கள் ஆசி உனக்கு உண்டு.

இப்படிக்கு,
உன் மாமா
இராஜாங்கம்

பின்குறிப்பு: இதைத் தனியாகக் காகிதத்தில் கையால் எழுதுகிறேன். அந்த வரியை நான் மாற்றவில்லை. கடிதம் இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் போய்விட்டது. தலைவர் துரைராசு எங்கள் வாசலில் நின்று ஏணிப் பகுதியைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருக்கிறார். குஞ்சிதபாதம் ஐயாவிடமிருந்து மட்டும்தான் இன்னும் பதில் இல்லை. சிங்கப்பூரிலிருந்து வந்தது இது: “அம்சவல்லி பேரு அங்கயே இருக்கட்டும். அவ இல்லாட்டி அந்த நெலம் எப்பவோ மனைக்கட்டாப் போயிருக்கும். பட்டாவுல என்ன பண்ணலாம்னு மாசி மகத்துக்கு வந்து பேசுறேன். எங்க அக்கா கார்டைப் படிச்சதுக்கும் அப்பவே பேசிக்கிறேன்.” உன் அத்தையிடம் படித்துக் காட்டினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டாள், சிரித்தாள், அப்புறம் இந்தக் காகிதத்துக்குக் கையை நீட்டினாள். “முப்பத்துநாலு வருசம் ஒரு கடுதாசியை வீடு மாத்திக் குடுக்காத மனுசன், சொந்தக் கடுதாசியை ஊரு பூராவும் குடுத்துட்டீங்க. ஸ்டாம்பு ஒட்டியாச்சுல்ல? குடுங்க, தபால் பொட்டியில நானே போட்டுட்டு வர்றேன்.”