மாமனார் போனில் என் குரல்

மாமனார் வீட்டில் ஒன்றுமே தெரியாத மாப்பிள்ளைக்கு இருக்கிற மரியாதை, ஏதோ கொஞ்சம் தெரிந்த மாப்பிள்ளைக்குக் கிடையாது. ஒன்றும் தெரியாதவனை உட்காரவைத்துப் பாயசம் ஊற்றுவார்கள். கொஞ்சம் தெரிந்தவன் முன்னால் ஓடாத மிக்சியைக் கொண்டுவந்து வைப்பார்கள். நான் இரண்டாவது ரகம். அதிலும் யாரும் கூப்பிடாமலே மிக்சியைத் தேடிப் போகிற ரகம்.

சொந்த ஊர் நகரி. நைனாவுக்கு (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவேன்) விசைத்தறி. நான் திருப்பதியில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் டெக்னீஷியன். கல்யாணமான புதிதில், வாடகைக்கு வீடு கிடைக்கும்வரை என்று சொல்லித் திருச்சானூரில் மாமனார் வீட்டில் தங்கினோம். (வீடு கிடைக்க ஒன்றரை வருடம் ஆனது. நானும் அவ்வளவு அவசரமாகத் தேடவில்லை.) கீழே மாமாவின் சின்ன லாட்ஜ், மாடியில் வீடு.

கல்யாணத்துக்கு மாமா ஒரே கடையில் ஒரே மாதிரி இரண்டு போன் வாங்கியிருந்தார். ஒன்று எனக்கு, ஒன்று அவருக்கு. உறையைக் கழற்றிவிட்டால் எது யாருடையது என்று கடைக்காரருக்கே தெரியாது. தன் போனில் இருந்த பெருமாள் பாட்டு அத்தனையையும் என் போனுக்கும் அனுப்பி, தினமும் காலையில் கேட்கச் சொன்னார் மாமா. நான் ஒரு நாளும் கேட்டதில்லை. அழிக்கவும் தைரியம் வரவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், போன் ரொம்ப மெதுவாகிவிட்டது, எதைத் தொட்டாலும் மெமரி ஃபுல் என்கிறது என்று மாமா அலுத்துக்கொண்டார். வேறு யாராக இருந்தாலும் அவருக்கு வந்து குவிந்திருந்த குட்மார்னிங் படங்களை அழித்துவிட்டு டீ குடிக்கப் போயிருப்பார்கள். நான் லேப்டாப்பைத் திறந்தேன்.

கமாண்டு லைன் என்று ஒன்று உண்டு. சுட்டியைத் தொடாமல், கருப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் உத்தரவு தட்டி வேலை வாங்குவது. போனைக் கேபிளில் மாட்டி 'புல்' என்று தட்டினால், உள்ளே இருக்கிற படம், பாட்டு, பேச்சு எல்லாம் லேப்டாப்புக்கு வந்துவிடும். போனை மொத்தமாகத் துடைத்துவிட்டு 'புஷ்' என்று தட்டினால், எடுத்ததெல்லாம் திரும்பிப் போய் உட்காரும். இதற்கு ரெஸ்டோர் என்று பெயர். இதையே அழகான ஐகான்களை அழுத்தியும் செய்யலாம். ஆனால் அதைப் பார்த்து மாமனார் வாயைப் பிளக்க மாட்டார்.

மாமா நிஜமாகவே வாயைப் பிளந்தார். கருப்புத் திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடுவதைப் பார்த்து, என் மனைவி சுமதியையும் அத்தையையும் கூப்பிட்டுக் காட்டினார். அந்த உற்சாகத்தில் என் போனையும் கையோடு சுத்தம் செய்துவிடலாம் என்று தோன்றியது. இரண்டு போனிலும் இருந்ததை இரண்டு ஃபோல்டரில் எடுத்துவைத்தேன். ஒன்றுக்கு 'ஒன்று' என்றும் மற்றதுக்கு 'இரண்டு' என்றும் பெயர் வைத்தேன். (கம்ப்யூட்டர் லேபில் சம்பளம் வாங்குகிறவன் வைத்த பெயர்.) இடது பக்கம் இருப்பது ஒன்று, வலது பக்கம் இருப்பது இரண்டு. மனதிலேயே கணக்கு வைத்துக்கொண்டு இரண்டு போனையும் துடைத்தேன்.

அந்த நேரத்தில்தான் அத்தை இட்லித் தட்டோடு வந்தார். மேசையில் இடமில்லை. இரண்டு போனையும் எடுத்து அலமாரியில் வைத்தார், இட்லியை வைத்தார், நான் சாப்பிட்டு முடித்ததும் மேசையைத் துடைத்தார், போன்களை எடுத்த இடத்திலேயே திரும்ப வைத்தார். எடுத்த இடம் சரி. இடது வலதுதான் மாறிவிட்டது.

நான் 'புஷ்' தட்டினேன். கருப்புத் திரையில் இதுதான் சங்கடம். 'இது உன் மாமனார் போன், நிச்சயமாகத்தான் சொல்கிறாயா' என்று அது கேட்காது. சொன்னதைச் செய்துவிட்டுப் பேசாமல் இருக்கும். சிம் கார்டுகள் அவரவர் போனிலேயே இருந்தன, அதனால் ஆளுக்கு ஒரு முறை அழைத்துப் பார்த்து அவரவர் போனை அவரவரிடம் கொடுத்தேன். பாட்டு இருக்கிறதா என்று மாமா கேட்டார். திறந்து பார்த்தேன், பெருமாள் பாட்டு எல்லாம் வரிசையாக இருந்தது. இரண்டு போனிலும் அதே பாட்டுகள்தானே, ஏன் இருக்காது.

மறுநாள் காலை நான் கல்லூரிக்குக் கிளம்பிக் கீழே வந்தபோது, லாட்ஜ் வரவேற்பில் ஆரணிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பெரிய குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு நின்றிருந்தது. தாயாரைச் சேவித்துவிட்டு மேலே மலைக்குப் போகிறவர்கள். மாமா வழக்கம்போல் போனில் பாட்டைப் போட்டு, சுவரில் மாட்டிய ஸ்பீக்கரில் ஓடவிட்டுவிட்டு, அறைகளின் பெருமையைச் சொல்லிக்கொண்டிருந்தார். படுக்கை எல்லாம் புதுசு என்றார். இருபத்துநாலு மணி நேரமும் வெந்நீர் என்றார். அதே வாசகம் அவர் தலைக்கு மேல் போர்டிலும் தெலுங்கிலும் தமிழிலும் இருந்தது.

பாட்டு முடிந்தது. அடுத்து ஸ்பீக்கரில் ஒரு இருமல். பிறகு ஒரு குரல்: "சொல்லு நைனா. துன்னியா?"

எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்றுதான் முதலில் நினைத்தேன். நம் குரலே வெளியிலிருந்து வந்தால் சட்டென்று பிடிபடுவதில்லை. ஆனால் அந்த இருமல் என் நைனாவுடையது. அவரோடு பேசுகிற குரல் நான்.

அந்த போன்களில் பேசுவது எல்லாம் தானாகவே பதிவாகிற ஏற்பாடு ஒன்று இருந்திருக்கிறது. விற்ற கடையிலேயே யாரோ அதைத் திறந்துவிட்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாது. மாமாவுக்கும் தெரியாது. பாட்டு போடுகிற ஆப், காதில் விழுகிற எதுவும் பாட்டுதான் என்ற கொள்கை உடையது.

"வெந்நீரா? வரும் நைனா, ஏன் வராது. இருபத்துநாலு மணி நேரத்துல ஒரு வாட்டி வரும்" என்றது ஸ்பீக்கரில் இருந்த நான். "பெட்ஷீட்ட திருப்பிப் போட்டுக்கினு புதுசுன்றாரு மாமா. மூட்டப்பூச்சிக்கு மட்டும் தனியா வாடக வாங்கினா மாமா மாடி மேல மாடி கட்டிக்கலாம்."

ஓடினேன். ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறி, ஸ்பீக்கரில் கைக்கு எட்டிய பொத்தானை அழுத்தினேன். அது சத்தத்தைக் கூட்டுகிற பொத்தான். நைனா சிரித்த சிரிப்பு தெருவரைக்கும் போனது. அப்புறம் நான் மாமா குளிப்பதைப் பற்றி ஒன்று சொன்னேன். (அதை இங்கே எழுத மாட்டேன். வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம்.) மாமா தன் போனையே வெறித்துக்கொண்டு நின்றார். அதை நிறுத்த வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. கடைசியில் பிளக்கைப் பிடுங்கினேன். மாமாவின் போனிலிருந்து சன்னமாக என் குரல் தொடர்ந்தது. அதையும் வாங்கி அணைத்தேன்.

அந்தக் குடும்பத்தில் ஒரு வயதான அம்மா, யாரையும் புண்படுத்தாத குரலில், நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோல் மாமாவைக் கேட்டார்.

"அந்த ஒரு வாட்டி எப்பப்பா வரும்?"

மாமா தலைக்கு மேலிருந்த போர்டை நிமிர்ந்து பார்த்தார். அவர்கள் மூட்டைகளைத் தூக்கிக்கொண்டு எதிர் லாட்ஜுக்குள் போனார்கள். கடைசி ஆள் உள்ளே போகும்வரை மாமா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"காலேஜுக்கு டைம் ஆவுது மாப்ள. போய்ட்டு வாங்க."

திட்டியிருந்தால் நிம்மதியாகப் போயிருப்பேன்.

ஷேர் ஆட்டோவில் போகும்போதுதான் என் போனைத் திறந்தேன். படங்களில் தண்ணீர் மோட்டார், மறுபடி மோட்டார், மோட்டாரைப் பழுது பார்க்கிறவரின் முதுகு. எல்லாம் மாமாவுடையவை. அப்படியென்றால் அவர் பேசியதெல்லாம் என் கையில் இருக்கிறது. கேட்கக் கூடாது என்று கல்லூரி போய்ச் சேரும்வரை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மதியம் லேபைப் பூட்டிவிட்டுக் கேட்டேன்.

என்னைத் தண்டச்சோறு என்றுதான் சொல்லியிருப்பார் என்று தயாராகத்தான் உட்கார்ந்தேன். கிடைத்தது வேறு. நாகலாபுரத்தில் இருக்கும் தம்பியிடம், "மாப்ள காலேஜ்ல லெக்சரரு" என்று மாமா சொல்லிக்கொண்டிருந்தார். சித்தூரில் யாரோ ஒருவரிடம் தெலுங்கில், தன் அல்லுடுதான், அதாவது மாப்பிள்ளைதான், கம்ப்யூட்டர் துறைக்கே தலைவர் என்றார். வரதய்யபாளையத்தில் இருக்கும் பங்காளியிடம் பேசியபோது நான் பிரின்சிபால் ஆகியிருந்தேன். "என்ன, துன்றதுதான் கொஞ்சம் ஜாஸ்தி. பெரிய படிப்பு படிச்ச மூளை பாரு, பசிக்கும்" என்று அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தார்.

எனக்கு முதலில் வந்தது சிரிப்பு இல்லை, வியர்வை. நான் நாற்காலி துடைத்து, கேபிள் மாட்டி, மாணவர்கள் உடைத்த கீபோர்டுகளை எண்ணிவைக்கிற ஆள். என்னை இப்படி ஊரெல்லாம் உயர்த்திவைத்த மனிதரைத்தான் நான் மூட்டைப்பூச்சியோடு சேர்த்து நைனாவிடம் விற்றிருந்தேன். அன்று மதியம் சாப்பாடு இறங்கவில்லை. (இதை அத்தை இன்றுவரை நம்பவில்லை.)

சாயங்காலம் திரும்பியபோது மாமா வரவேற்பில் தனியாக உட்கார்ந்திருந்தார். போன் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தது. மன்னிப்புக் கேட்க நான் வாயெடுப்பதற்குள் அவரே ஆரம்பித்தார்.

"என்னுது எல்லாம் உங்க போனுக்கு வந்துடுச்சா?"

"வந்துடுச்சு மாமா."

"கேட்டீங்களா?"

பொய் சொல்லலாமா என்று யோசித்தேன். முகம் ஒத்துழைக்கவில்லை.

"கேட்டேன்."

"எதுவரைக்கும்?"

"பிரின்சிபால் வரைக்கும் மாமா."

மாமா தெருப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் காது மடல் சிவந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். காலையிலிருந்து எனக்கு இருந்த கூச்சத்தில் பாதி இப்போது அவர் முகத்தில் இருந்தது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

"ஊர்ல நாலு பேரு கேக்குறாங்க. ஏதோ ஒண்ணு சொல்லணும் இல்ல" என்றார் மெல்ல. பிறகு, "வெந்நீர் விஷயத்துல நீங்க சொன்னதும் பொய் இல்லதான்" என்றார். குளிக்கிற விஷயத்தை இருவரும் எடுக்கவில்லை.

அன்று மாலையே எல்லாவற்றையும் இடம் மாற்றி ஏற்றினேன். மாமா தன் போனை மடியில் வைத்துக் கையால் பொத்திக்கொண்டு, கேபிளை மட்டும் உள்ளே விட்டார். அத்தை டீயோடு வந்தபோது இருவரும் ஒரே நேரத்தில் கையைக் காட்டி வாசலிலேயே நிறுத்தினோம். நான் இட்லிதான் வைத்தேன், வேறென்ன செய்தேன் என்று அத்தை அப்போது ஆரம்பித்த வாதம் இன்னும் முடியவில்லை.

வாரக் கடைசியில் போர்டு மாறியது. 'வெந்நீர் காலையில் மட்டும்.' மூட்டைப்பூச்சிக்கு ஆள் வந்து மருந்து அடித்தார். வரதய்யபாளையத்துப் பங்காளி மட்டும் இன்றும் என்னைப் பிரின்சிபால் சார் என்றுதான் கூப்பிடுகிறார். போன வருடம் தன் மகளுக்கு ஒரு சீட்டு கேட்டு வந்தார். நான் மாமாவைப் பார்த்தேன், மாமா மின்விசிறியைப் பார்த்தார்.

எங்கள் குடும்பத்தில் இப்போது 'ரெஸ்டோர்' என்பது எல்லோரும் புழங்குகிற ஒரு சொல். ரகசியம் வெளியே வந்துவிட்டால் ரெஸ்டோர் ஆகிவிட்டது என்பார்கள். சமீபத்தில் நகரியில் ஒரு கல்யாணத்தில், பந்தியில் எனக்கு அடுத்து அத்தை, அவருக்கு அடுத்து சுமதி. பெண் வீட்டாரைப் பற்றிச் சுமதி ஏதோ சுவாரசியமாகச் சொல்ல ஆரம்பித்தாள். அத்தை அப்பளத்தை நொறுக்கியபடியே, தலையைத் தூக்காமல் சொன்னார்.

"மெல்ல பேசுடி. பக்கத்துலயே கீறாரு பாரு. ரெஸ்டோர் பண்ணிடப் போறாரு."