வழங்கிய அதிகாரி

“ஏங்க, கையை அதிலேர்ந்து எடுங்க. ‘நோ’வை அமுக்காதீங்க!”

அமுதவல்லி சொல்லி முடிப்பதற்குள் சக்கரபாணி மூன்றாவது முறையாக ‘நோ’வை அமுக்கிவிட்டார். கணினித் திரை மறுபடியும் வெள்ளையாயிற்று.

“என்னா மனுஷன் நீங்க! அது இன்னா கேக்குதுன்னுகூடப் படிக்காம…”

“படிச்சிட்டுத்தான் அமுக்கினேன். படிக்காம நான் எதையும் செய்யறதில்ல.”

இந்த வாக்கியம் இரண்டு ஆண்டுகளாகத் தவறாமல் உண்மையாக இருந்து வந்தது. அதற்கு முன் ஒரே ஒரு முறை அது பொய்த்திருக்கிறது.

சக்கரபாணி அரசு அலுவலகமொன்றில் சான்றிதழ்ப் பிரிவின் கண்காணிப்பாளர். முப்பத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் நீட்டும் தாள்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தேதி சரியா, பெயர் சரியா, வழங்கியவருக்கு வழங்கும் தகுதி உண்டா என்று ஆராய்வதே அவருடைய வாழ்க்கை. அப்படிப்பட்டவர் ஒரு வெயில் பிற்பகலில், தூக்கக் கலக்கத்தோடு, நாற்பது இருப்பிடச் சான்றிதழ்களில் வரிசையாகக் கையெழுத்துப் போட்டார். அவற்றுள் ஒன்று ‘ஹேமலதா, தந்தை பெயர் சக்கரபாணி, ரெட்டியார்பாளையம்’ என்றிருந்தது. அந்தத் தாளைக் கொண்டுதான் அவருடைய ஒரே மகள் ஜெரினைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். மறு மாதமே அவனோடு பிரான்சுக்கு விமானம் ஏறினாள்.

ஜெரின் அதே ஊரில் சாரம் பகுதிப் பையன். அவனுடைய அப்பா லூயிஸ், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்ற சொல்தா, அதாவது சிப்பாய். அம்மா ரோசா, ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவள். குறை சொல்ல ஏதுமில்லாத குடும்பம் என்பது சக்கரபாணிக்கும் தெரியும். ஆனாலும் மகள் கேட்காமல் போய்விட்டாள். அதுவும் தன் கையெழுத்தை எடுத்துக்கொண்டே போய்விட்டாள். இவ்விரண்டில் எது அதிகம் வலித்தது என்பதை அவர் எவரிடமும் சரிபார்க்கக் கொடுக்கவில்லை. அன்றிலிருந்து ஹேமலதாவோடு பேச்சு இல்லை.

பத்து நாட்களுக்கு முன் அவளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஜெரின் தினமும் மின்னஞ்சலில் புகைப்படம் அனுப்பினான். சக்கரபாணி தினமும் அதைத் திறக்காமலே அழித்தார். “பாத்தா ரெண்டு பேரும் சேந்துதான் பாக்கணும். நான் தனியா ரோசா வீட்டுக்குப் போய் என் பேத்திய எட்டிப் பாக்க மாட்டேன்” என்று அமுதவல்லி சொல்லிவிட்டு, தினமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனாள்.

இன்று சனிக்கிழமை. வந்த மின்னஞ்சலில் படம் இல்லை. ‘மாமா, பாப்பா போட்டோ எல்லாம் இந்தப் பக்கத்துல பத்திரமா வெச்சிருக்கேன். நீங்களும் அத்தையும் மட்டும் பாக்கலாம்’ என்று இரண்டு வரி. கீழே ஓர் இணைய முகவரி. அழிப்பதற்காக அவர் அம்புக்குறியை நகர்த்தியபோது, மேசையைத் துடைக்க வந்த அமுதவல்லியின் கை மௌஸின் மேல் பட்டு அந்த முகவரி திறந்துகொண்டது. திறந்ததும் நடுவில் ஒரு பெட்டி குதித்து நின்றது.

இந்தத் தளத்தின் பாதுகாப்புச் சான்றிதழில் ஒரு சிக்கல் இருக்கிறது என்றது அது. அதன்கீழ் மூன்று வரிகள். சான்றிதழின் தேதி செல்லும் என்பதற்கு ஒரு பச்சை டிக். பெயர் பொருந்துகிறது என்பதற்கு இன்னொரு பச்சை டிக். ஆனால் முதல் வரியில் மஞ்சள் முக்கோணம்: ‘இச்சான்றிதழ் நீங்கள் நம்பத் தேர்ந்தெடுக்காத ஒரு நிறுவனத்தால் வழங்கப்பட்டது.’ தொடரலாமா? யெஸ், நோ, சான்றிதழைப் பார்.

சக்கரபாணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வேறு எந்த எச்சரிக்கையாக இருந்திருந்தாலும் கணினியை நிறுத்திவிட்டுப் போயிருப்பார். குறையுள்ள சான்றிதழொன்றை மேசைமேல் விட்டுவிட்டு எழுந்து போவது மட்டும் அவருடைய உடம்புக்குத் தெரியாத காரியம்.

முகவரியை மறுபடியும் திறந்து, நான்காவது முறை பெட்டி வந்ததும் அவர் ‘சான்றிதழைப் பார்’ என்பதை அமுக்கினார். கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கினார். பிறகு மெதுவாகச் சிரித்தார்.

“அமுதா, இங்க வா. யாருக்கு வழங்கப்பட்டதுன்னு போட்டிருக்கு, படி.”

“ஜெரின் லூயிஸ்.”

“யாரால வழங்கப்பட்டது?”

“ஜெரின் லூயிஸ்.”

“தனக்குத் தானே சர்ட்டிபிகேட் குடுத்துக்கினு இருக்கான் உன் மருமவன்! என் கவுண்டர்ல இதை நீட்டியிருந்தான்னா என்னா நடந்திருக்கும் தெரியுமா?”

“உங்க கவுண்டர்ல நீட்டினதுக்குத்தான் கண்ணை மூடிக்கினு கையெழுத்துப் போட்டீங்களே” என்றாள் அமுதவல்லி.

சக்கரபாணி, திரையிலிருந்த சான்றிதழை அச்சிட அச்சுப்பொறியை முடுக்கினார். சுயமாக வழங்கிக்கொண்ட எந்த ஆவணமும் செல்ல வேண்டுமானால், அரசிதழ் பதிவு பெற்ற அதிகாரி ஒருவர் பச்சை மையில் சான்றொப்பம் இட்டாக வேண்டும். அவருக்குத் தெரிந்தவர்களுள் சனிக்கிழமையிலும் கடமையில் இருக்கும் அத்தகைய அதிகாரி ஒருவர்தான்: கால்நடை மருத்துவர் விஜயராகவன்.

மருந்தக வாசலில் ஆடுகளும் கோழிகளும் ஒரு கன்றுக்குட்டியும் காத்திருந்தன. விஜயராகவன் தாளை வாங்கி இரு பக்கமும் பார்த்தார்.

“ஒரிஜினல் எங்க சார்?”

“கம்ப்யூட்டர்ல இருக்கு டாக்டர்.”

“ஒரிஜினல் பாக்காம ‘ட்ரூ காப்பி’ன்னு எப்படிப் போடறது? நீங்களே எத்தனை பேரைத் திருப்பி அனுப்பியிருக்கீங்க. என் மச்சானைக்கூட ரெண்டு தடவை அனுப்பினீங்க.”

சக்கரபாணி தாளைத் திரும்ப வாங்கிக்கொண்டார். எதிராளி எடுத்துக்காட்டியது அவருடைய சொந்த விதி. வீட்டுக்குத் திரும்பினார், சான்றிதழைக் கணினியில் ஒரு கோப்பாகச் சேமித்துக்கொண்டு, கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார்.

“இன்னாங்க பண்றீங்க?”

“மானிட்டரை நீ மடியில வெச்சுக்கோ.”

“போட்டோ பாக்கறதுக்கு இவ்ளோவா!”

“போட்டோவை யார் பாக்கப்போறா? சர்ட்டிபிகேட் சரியில்ல. சரி பண்ணணும். அவ்ளோதான்.”

தெருமுனை ஆட்டோக்காரர் கண்ணையன் பின்னிருக்கையைப் பார்த்துத் திகைத்தார். “டிவி ரிப்பேருங்களா சார்? கடைங்க அந்தப் பக்கம்.”

“மாட்டாஸ்பத்திரிக்குப் போப்பா.”

கண்ணையன் கண்ணாடியில் அமுதவல்லியைப் பார்த்தார். அமுதவல்லி, தான் பொறுப்பல்ல என்பதைப் புருவத்தாலேயே தெரிவித்தாள்.

மருந்தகத்தில் வரிசை நீண்டிருந்தது. ஆட்டைப் பிடித்துக்கொண்டிருந்த ஒரு கிழவி, மடியில் மானிட்டரோடு உட்கார்ந்திருந்த அமுதவல்லியை இரக்கத்தோடு பார்த்தாள்.

“இதுக்கு இன்னாம்மா நோவு?”

“யாரையும் நம்ப மாட்டேங்குது” என்றாள் அமுதவல்லி. “கூட வந்திருக்கறவருக்கும் அதே நோவுதான்.”

கன்றுக்குட்டிக்கு ஊசி போட்டபின், மருத்துவர் கணினியை மேசையில் ஏற்றி, மின்சாரம் கொடுத்து, மூலத்தையும் நகலையும் வரிக்கு வரி ஒப்பிட்டார். பச்சைப் பேனாவைத் திறந்தார்.

“சார், காப்பி உண்மைன்னுதான் என்னால சொல்ல முடியும். ஆளு உண்மையான்னு நான் சொல்ல முடியாது.”

“அதை யார் சொல்லணும்?”

“பொண்ணு குடுத்தவங்கதான்.”

“நான் குடுக்கல டாக்டர். அவங்களே எடுத்துக்கினாங்க.”

“அப்படியா?” விஜயராகவன் முத்திரையைக் குத்தினார். “நல்லா வெச்சிருக்கானா?”

சக்கரபாணி இதற்கு விடை தேடினார். இரண்டு ஆண்டுகளில் இந்தக் கேள்வியை அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் அவருக்கே உறைத்தது. நன்றி சொல்லிவிட்டுப் புறப்பட்டார்.

வீட்டில் கம்பிகளை மீண்டும் பொருத்தும்போது தொலைபேசிக் கம்பி தவறான துளைக்குள் போய்விட்டது. இணையம் வரவில்லை, தொலைபேசியும் ஊமையாயிற்று. அவற்றைச் சீராக்குவதற்குள் சாப்பாடு ஆறிப் போயிற்று. கடைசியில் பக்கம் திறந்தது. பெட்டி குதித்தது. இரண்டு பச்சை டிக், ஒரு மஞ்சள் முக்கோணம்.

அமுதவல்லி, பச்சைக் கையெழுத்துப் போட்ட தாளைத் திரைக்கு நேராக நீட்டிப் பிடித்தாள்.

“என்னா பண்ற?”

“காட்றேன். மாட்டு டாக்டர் வரைக்கும் போய்ட்டு வந்தோம்னு அதுக்குத் தெரிய வேணாமா?”

“கிண்டலா?”

“இல்லீங்க.” அவள் குரல் திடீரென்று இறங்கிற்று. “பத்து நாள் ஆச்சு. பச்சப்புள்ள முகம் நாளுக்கு நாள் மாறிப்போவும். நாம பாக்காத பத்து முகம் போயிடுச்சு.”

சக்கரபாணி தாளை அவள் கையிலிருந்து வாங்கி, கசங்காமல் கோப்புக்குள் வைத்தார். பிறகு, தமக்குத் தெரிந்த ஒரே வழியில் முயன்றார். ஜெரினுக்கு அலுவலகக் கடிதம் ஒன்று எழுதினார்: ‘பார்வையில் காணும் தங்கள் மின்னஞ்சலுடன் முன்வைக்கப்பட்ட சான்றிதழ், தகுதியுள்ள அதிகாரியால் வழங்கப்பட்டதாக இல்லை. எனவே, உரிய அதிகாரியிடமிருந்து புதிய சான்றிதழ் பெற்றுச் சமர்ப்பிக்குமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறது.’

முக்கால் மணி நேரத்தில் பதில் வந்தது. அனுப்பியவர் ஜெரின் அல்லர்.

‘மதிப்பிற்குரிய ஐயா, தங்கள் குறிப்பாணைப்படி, எனக்குத் தெரிந்தவரையில் மிகவும் தகுதியுள்ள அதிகாரியின் பெயரில் புதிய சான்றிதழ் வைக்கப்பட்டுள்ளது. பரிசீலித்து ஏற்றருள வேண்டுகிறேன். தங்கள் கீழ்ப்படிதலுள்ள, ஹேமலதா.’

கீழ்ப்படிதலுள்ள என்ற சொல்லை அவர் இருமுறை படித்தார். விண்ணப்பம் எழுத அவளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர்தான். பள்ளிச் சுற்றுலாவுக்குப் போக அனுமதி கேட்டுப் பதினோரு வயதில் அவள் எழுதிய முதல் விண்ணப்பமும் இப்படித்தான் முடிந்திருந்தது. அன்று அனுமதி மறுத்தார். அன்றும் அவள் போய்விட்டுத்தான் வந்தாள்.

பக்கத்தைத் திறந்தார். பெட்டி குதித்தது. ‘சான்றிதழைப் பார்’ என்பதை அமுக்கினார்.

யாருக்கு வழங்கப்பட்டது: ஜெரின் லூயிஸ்.

யாரால் வழங்கப்பட்டது: சக்கரபாணி, ரெட்டியார்பாளையம்.

 அவர் முதல் பெட்டிக்குத் திரும்பி, மூன்று வரிகளையும் விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். தேதி சரி. பெயர் சரி. மஞ்சள் முக்கோணம் மட்டும் அசையாமல் நின்றது: நீங்கள் நம்பத் தேர்ந்தெடுக்காத நிறுவனம்.

“என்னையா?” சக்கரபாணியின் முகம் சிவந்தது. “முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்! என்னை நம்பலைங்குதா இது?”

“அது எங்க நம்பலைங்குது?” அமுதவல்லி அவர் தோளில் கை வைத்தாள். “நீங்க உங்கள நம்பறீங்களான்னுதான் கேக்குது. யெஸ்ஸா, நோவா?”

வாழ்நாள் முழுதும் மேசைக்கு இந்தப் பக்கம் இருந்தே பழகியவர் சக்கரபாணி. தாளை நீட்டிவிட்டு, எதிரே இருப்பவரின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பவர்களின் நெஞ்சு எப்படி அடித்துக்கொள்ளும் என்று அவர் எண்ணியதில்லை. இப்போது கேட்பவரும் அவரே, நிற்பவரும் அவரே.  ‘யெஸ்’ஸை அமுக்கினார்.

படம் மேலிருந்து கீழாக, கோடு கோடாக இறங்கி வந்தது. முதலில் நீலத் துணி. பிறகு கருகருவென்று முடி. பிறகு நெற்றி. “வேகமா வாடி” என்று அமுதவல்லி திரையிடம் கெஞ்சினாள். புருவங்கள் வந்தன, இடப்புருவம் மட்டும் சற்று உயர்ந்திருந்தது. கண்கள் வந்தன. பத்து நாள் குழந்தை, தனக்கு முன் நீட்டப்பட்ட உலகத்தைக் கடும் ஐயத்தோடு பரிசீலித்துக்கொண்டிருந்தது.

“கடவுளே, உங்க மூஞ்சி!” என்றாள் அமுதவல்லி.

சக்கரபாணி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

“பேர் வெச்சிட்டாங்களா?”

“நீங்க வெக்கணும்னு காத்துகினு இருக்காங்க.”

அவர் தொலைபேசியை எடுத்தார். வெளிநாட்டு எண்ணை அமுதவல்லி ஒவ்வோர் இலக்கமாகச் சொல்லச் சொல்ல அமுக்கினார். மறுமுனையில் “ஹலோ” என்ற குரல் கேட்டதும், சொல்லத் தயாரித்து வைத்திருந்த முறையான வாக்கியங்கள் எல்லாம் எங்கோ போய்விட்டன. “ஹேமா, உன்னை நல்லா வெச்சிருக்கானாம்மா?” என்று மட்டும் கேட்டார். அப்பாலிருந்து வந்த அழுகையையும் சிரிப்பையும் கேட்டபடி, தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

பேசி முடித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. யாரோ பக்கத்தைத் திறந்துவிட்டார்கள் என்பதைத் தன் கணினியில் கண்ட ஜெரின், அந்த நொடியே சாரத்தில் இருக்கும் தன் அம்மாவுக்குத் தகவல் சொல்லியிருந்தான். ரோசா தலையில் முக்காட்டைக்கூடச் சரிசெய்யாமல் ஓடிவந்திருந்தாள். இரண்டு ஆண்டுகளாக மிதிக்காத வீடு என்பதால், வாசற்படியில் வந்து தயங்கி நின்றாள்.

சக்கரபாணி எழுந்து போய்க் கைகூப்பினார். அந்த ஒரு சொல்லுக்காகத் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

“உள்ள வாங்க, சம்பந்தி.”

ரோசா உள்ளே வந்தாள். திரையில் பேத்தியைப் பார்த்தாள். சம்பந்தியின் ஈரக் கண்களைப் பார்த்தாள். மகிழ்ச்சி தாங்காமல், அவருக்குப் பின்னால் நின்று உதட்டில் விரல் வைத்துப் பதறிக்கொண்டிருந்த அமுதவல்லியை மட்டும் பார்க்கத் தவறினாள்.

“அமுதா, நல்லாத் தொறந்துகினு இருந்த பக்கத்தை எதுக்கு அத்தை நானே கெடுக்கணும்னு ஜெரின் உன்கிட்ட எவ்ளோ கேட்டான்! நீ சொன்னதுதாம்மா சரி. வெறும் போட்டோன்னா அழிச்சிடுவாரு, குறை இருக்கற சர்ட்டிபிகேட்டுன்னா விடவே மாட்டாரு!”