தத்தோபாவின் பசுவும் என் இரண்டு மனுக்களும்

ஹடப்சர், புணே
வெள்ளிக்கிழமை

மதிப்பிற்குரிய சம்பந்தி சுப்ரமணியன் அவர்களுக்கு,

வாசுதேவன் அநேக நமஸ்காரம். இங்கே நானும் வைஜயந்தியும், என் இடது முழங்கால் நீங்கலாக, சௌக்கியம். தங்கள் சௌக்கியத்தையும் அபயாம்பாள் மாமியின் சர்க்கரை அளவையும் அறிய ஆவல். மாயவரத்தில் மழை உண்டா?

குழந்தைகளின் புது வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் பசுவும் கன்றும்தான் முதலில் உள்ளே நுழைய வேண்டும், படத்தையோ வெள்ளிப் பசுவையோ வைத்து ஒப்பேற்றக் கூடாது என்று மூன்று கடிதங்களில் எழுதியிருந்தீர்கள். மூன்றாவதில் அடிக்கோடும் இட்டிருந்தீர்கள். மாமி போனில் சஹானாவிடம், "உங்கப்பாவால முடியலேன்னா இப்பவே சொல்லிடட்டும்" என்றாராம். குழந்தை அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை. பெண்ணைப் பெற்றவனுக்கு அது போதும். ஆகவே இந்த விஷயத்தில் நான் எடுத்த முயற்சிகளை ஒளிவுமறைவின்றித் தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் பேட்டைக்குப் பின்னால் ஒரு குன்று. இங்கே டேக்டி என்பார்கள். அரசு நிலம். முன்பக்கச் சரிவில் காலையில் நாங்கள் நடப்போம், அதே வழியில் தத்தோபா என்பவரின் மாடுகள் மேயும். நடைப்பயிற்சிச் சங்கத்துக்கு நான் செயலாளர். முப்பத்துநாலு வருஷம் அரசாங்க ஆபீஸில் கடிதம் வரைந்தவன் என்பதைத் தவிர வேறு தகுதி கிடையாது, நடப்பதுகூட மெதுவாகத்தான். போன தை மாதம் ஒரு பசு பெஞ்சை ஒட்டிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்க மறுத்ததில், சங்கத் தலைவி ராஜஸ்ரீ தாயி (தலைமையாசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர்) நின்றுகொண்டே பிராணாயாமம் செய்ய நேர்ந்தது. மாடுகளைத் தடை செய்யச் சொல்லி நான் மனு வரைந்தேன். அந்தப் பசுவை ஏழு கோணத்தில் போட்டோ எடுத்து இணைத்தேன். முன்பக்கச் சரிவில் மாடு கூடாது என்று உத்தரவாகி, அடிவாரத்தில் போர்டும் வைத்துவிட்டார்கள். போர்டில் நான் எடுத்த பசுவின் போட்டோ, அதன்மேல் சிவப்பில் பெருக்கல் குறி. எனக்குச் சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். தங்கள் முதல் கடிதம் மறுநாள் வந்தது.

அதிலிருந்து பசு தேடுகிறேன். கம்ப்யூட்டர் கம்பெனி தடுக்கி விழுந்தால் ஒன்று இருக்கும் இந்த ஊரில், கன்றோடு ஒரு பசு கிடையாது. கோசாலையில் கேட்டால், மாட்டை வெளியே அனுப்புகிற வழக்கம் இல்லை என்கிறார்கள். கடைசியில் விசாரித்ததில் கன்று போட்ட பசு தத்தோபாவிடம்தான் இருக்கிறது, அதுவும் கபிலா என்கிற ஒன்றே ஒன்று என்று தெரிந்தது. போய்ப் பார்த்தால் அது போர்டில் இருக்கிற பசு.

தத்தோபாவின் கொட்டகை குன்றின் பின்பக்கச் சரிவில், பாறைகளுக்கு நடுவே. அங்கே புல் என்று ஒன்றும் கிடையாது. கட்டிலில் உட்காரவைத்து டீ கொடுத்தார். இங்கே பெரியவர்களைக் காகா, அதாவது சித்தப்பா, என்றுதான் கூப்பிடுவார்கள். "காகா, போர்டுல என் கபிலா நல்லா விழுந்திருக்கா. குறுக்கே கோடு போடாம இருந்திருக்கலாம்" என்றார், அவ்வளவுதான். நிஜமாகவே வெட்கமாக இருந்தது.

பசுவைத் தருவதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்று: தனக்கும் ஒரு மனு. அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். மாடுகள் காய்ந்த புல்லைத் தின்பதால்தான் கோடையில் குன்று தீப்பிடிப்பதில்லை, நடப்பவர்களின் பூட்ஸ் காலில் முளைகள் நசுங்குகின்றன, சிரிப்புப் பயிற்சி என்று இருபது பேர் கையைத் தூக்கிச் சிரிப்பதில் மாடுகள் மிரண்டு பால் குறைகிறது, ஆகவே மனிதர்களைத் தடை செய்க. எழுத எழுத நியாயம் அவர் பக்கம் என்றே எனக்குப் பட்டது. கையெழுத்து தத்தோபாவுடையது, ஆங்கிலம் என்னுடையது.

இதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் மனு என்றால் எதிர்த்தரப்புக்கு நகல் போடாமல் என் கை ஓயாது. "நகல்: செயலாளர், நடைப்பயிற்சிச் சங்கம்" என்று அடியில் எழுதி, ரிஜிஸ்டர் தபாலில் சேர்த்தும் விட்டேன். செயலாளர் நான்தான் என்பதும், சங்கத் தபால் தலைவி வீட்டுக்குப் போகும் என்பதும் தபாலாபீஸ் படி இறங்கின பிறகுதான் உறைத்தது. ராஜஸ்ரீ தாயி அதை வேப்பமரத்தடியில் எல்லோருக்கும் படித்துக் காட்டி, "எழுதினவன் அயோக்கியன், ஆனா விஷயம் தெரிஞ்சவன். வாசுதேவன்ஜி, இவனுக்கு நீங்கதான் சரி" என்றார். மறுப்பு எழுதினேன். தத்தோபா மறுப்புக்கு மறுப்பு கேட்டார், அதையும் எழுதினேன். மூன்று வாரமாக எனக்கு நானே பதில் எழுதிக்கொண்டிருக்கிறேன். வைஜயந்தி என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள், ஆனால் டிபன் வருகிறது.

நாளை சனிக்கிழமை அதிகாரி அம்மா ஒருவர் குன்றுக்கே வந்து இரண்டு மனுக்களையும் விசாரிக்கிறார். இரண்டு தரப்பிலும் நானே இருப்பதால் எந்தத் தரப்பு ஜெயித்தாலும் பசு நிச்சயம். குழந்தைகளின் புது வீட்டு முகவரியைத் தத்தோபாவிடம் கொடுத்தாகிவிட்டது. வீடு தரைத்தளம், ஆதலால் மாட்டை லிஃப்டில் ஏற்றுகிற பேச்சும் இல்லை. இருபத்தாறாம் தேதி காலை ஆறு மணிக்குக் கபிலாவும் கன்றும் வாசலில் நிற்கும். தாங்கள் தைரியமாக டிக்கெட் போடலாம். மாமியிடம் மாடு வருகிறது என்பதை மட்டும் சொன்னால் போதும்.

பெரியவர்களுக்கு என் நமஸ்காரமும் சின்னவர்களுக்கு ஆசீர்வாதமும்.

இப்படிக்குத் தங்கள்,
வாசுதேவன்

பி.கு.: தபாலில் சேர்ப்பதற்குள் திங்கட்கிழமை ஆகிவிட்டது. இரண்டு தரப்பும் ஜெயித்துவிட்டன. வாதங்கள் இரண்டும் மிகவும் பலமாக இருப்பதாகப் பாராட்டி, அதிகாரி அம்மா குன்று முழுவதையும் மனிதர்களுக்கும் மாடுகளுக்கும் சேர்த்து மூடிவிட்டார். கொட்டகையையும் காலி செய்யச் சொல்லிவிட்டதால், தத்தோபா இன்று காலை தன்னிடம் இருந்த ஒரே முகவரிக்கு மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். பெயிண்டர் காற்றுக்காகக் கதவைத் திறந்து வைத்திருந்தார். கபிலாவும் கன்றும்தான் முதலில் நுழைந்தன, தாங்கள் அடிக்கோடிட்டபடியே. மற்ற ஒன்பதும் பின்னால் போயின. அப்போது மணி ஏழே முக்கால், சுத்தமான ராகுகாலம். சஹானாவும் மாப்பிள்ளையும் சாவியை வைத்துக்கொண்டு வாசலில் நிற்கிறார்கள். வீட்டுக்காரர்கள் எப்போது உள்ளே போகலாம் என்று தாங்கள் ஒரு நாள் பார்த்து எழுத வேண்டியது.