கோத்தகிரிச் சாலையில் குன்னூர் வரலாறு

மலையில் பிறந்தவர்களுக்குத் தங்கள் சாலையைப் பற்றி ஒன்றும் தெரியாது. போவோம், கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுப்போம், திரும்பி வருவோம். இருபத்திரண்டு வயதில் எனக்கு மட்டும் எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன் (அந்த வயதில் யார்தான் நினைக்கவில்லை?).

ஊட்டியில் ஒரு சுற்றுலா வேன் முதலாளி வழிகாட்டிக்கு ஆள் தேடினார். மேட்டுப்பாளையம் வரை ஒரு நடை பேசிக் காட்ட வேண்டும், பிடித்தால் வேலை. எங்கள் ஊரான ஜெகதளாவில் என் அம்மா, வேலை கிடைத்தே விட்டதென்று தேயிலை பறிக்கும் பெண்கள் அத்தனை பேரிடமும் சொல்லி முடித்துவிட்டாள். தோற்றுத் திரும்பினால் ஊருக்குள் தலைகாட்ட முடியாது.

ஒரு வாரம் குன்னூர்ச் சாலையின் வரலாற்றை உருப்போட்டேன். சாலையை வெட்டிய கதை, ரயில் பாதை குறுக்கிடும் இடம், பர்லியார் பழக்கடைகள், எல்லாம் வரிசையாக.

அது மே மாதம். சீசனில் எங்கள் மலையில் ஒருவழிப் பாதை. ஏறும் வண்டிகளுக்குக் குன்னூர் வழி, இறங்கும் வண்டிகளுக்குக் கோத்தகிரி வழி. இங்கே பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம். எனக்கும் தெரியும். வரலாறு படித்த மும்முரத்தில் மறந்துபோனது.

சாலைக்கு முதுகைக் காட்டி, பயணிகளைப் பார்த்து நின்று மைக்கைப் பிடித்தேன். வெளியே ஒரே மேகமூட்டம்.

"இடப்பக்கம் பாருங்க, மலை ரயில் பாதை!"

எல்லாத் தலைகளும் திரும்பின. ஈரோட்டிலிருந்து வந்த ஒரு அம்மா கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஒண்ணையும் காணமுங்களே?"

"மிஸ்டுக்குள்ள இருக்குதுங்க. கலைஞ்சா தெரியுமுங்க."

ஒரு மணி நேரத்தில் கலைந்தது. "இதுதானுங்க குன்னூர்!" என்று கையை நீட்டினேன். அந்த அம்மா ஜன்னல் வழியே ஒரு கடைப் பலகையைப் படித்தார். "கோத்தகிரின்னு போட்டிருக்குதுங்களே."

டிரைவரிடம் குனிந்தேன். "ஏண்ணா சொல்லல?"

"மொதலாளி பின் சீட்டுல ரசிச்சுக் கேட்டுட்டு இருந்தாரு. நடுவுல கெடுக்க வேண்டாம்னு விட்டுட்டேன் தம்பி."

வெள்ளைக்காரர்கள் முதலில் மலையேறியதே கோத்தகிரிப் பக்கமாகத்தான், குன்னூர்ச் சாலை அதற்குப் பின்னால் வந்தது என்று பிற்பாடு படித்தேன். அன்றைக்கு அந்தக் கோத்தகிரிச் சாலையைப் பற்றி நான் சொன்னது ஒரே வரி: "இதுவும் நல்ல ரோடுதானுங்க."

மேட்டுப்பாளையத்தில் முதலாளி என் தோளைத் தட்டினார். "கொரல் நல்லாயிருக்குது. ஊட்டுக்குப் போய்ட்டு வாங்க."

வீட்டுக்குப் போகிற அரசு பஸ், குன்னூர் வழியாக ஏறியது. வானம் பளிச்சென்றிருந்தது. பழக்கடைகள், ரயில் பாதை, எல்லாம் நான் படித்தபடியே அந்தந்த இடத்தில் இருந்தன. பக்கத்து சீட்டுக்காரர் தூங்கிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அம்மா ஒரு மாதம் வேறு தோட்டத்துக்குப் பறிக்கப் போனாள். இன்று எங்கள் வீட்டு வாசலில் சுற்றுலாக்காரர்கள் காரை நிறுத்தி வழி கேட்டால், நான் வாய் திறப்பதற்குள் என் மகள் ஓடி வந்துவிடுகிறாள்.

"அப்பாகிட்ட கேக்காதீங்க. நல்லாத்தான் சொல்லுவாருங்க, ஆனா வேற ரோட்டச் சொல்லுவாருங்க."